ஒன்றாகக் கொட்டிய கண்ணாடி

"இந்த ஆர்டர் முடியட்டும். அப்புறம் வரேனா இல்லையான்னு சொல்றேன்."

போன வாரம் பாப்பா தன் கணவனிடம் போனில் சொன்ன இந்த வார்த்தை, வாரம் முழுக்க அந்த வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அண்ணன் பல் தேய்க்கும்போது அதை யோசித்தான். அண்ணி துணி காயப்போடும்போது யோசித்தாள். சொன்னவள் மட்டும் எதுவும் பேசாமல், குனிந்த தலை நிமிராமல் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

பாப்பா என்றதும் சின்னக் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் கடைசியாகப் பிறந்த பாவத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு இன்னும் போகவில்லை. மூன்று மாதம் முன்னால் ஒரே ஒரு பையோடு வந்து அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்தாள். இன்றும் அந்த சோபாவில்தான் படுத்து எழுந்திருக்கிறாள்.

அவள் கணவன் கை நீட்டுகிற ஆள் இல்லை. திருத்துகிற ஆள். அவள் மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடிப்பான். அவள் பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பான். "நீ விடு, நான் பாத்துக்கறேன்" என்பதைக் கேட்டுக் கேட்டே பாப்பாவுக்குத் தன் கையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. யாராவது தும்மினால்கூட 'சாரி' சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு அண்ணி கற்றுக்கொடுத்தது கண்ணாடி நகை.

அண்ணிக்கு வேலை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில், ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது. வீட்டுக்கு வந்தால் இது. வண்ணக் கண்ணாடித் தகட்டை வெட்டி, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மின்சார உலையில் வைப்பாள். ராத்திரி முழுக்கச் சூட்டில் கிடந்து எல்லாம் உருகி ஒன்றாகும். மறுநாள் ஆறியபின் எடுத்தால் கழுத்தில் தொங்கவிடும் பதக்கம். உலை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம், மைக்ரோவேவ் அளவுதான். மூன்றாம் மாடி பால்கனியின் மூலையில், ஒரு கல் மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது. அது ஓடும்போது வீட்டில் வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, இஸ்திரிப் பெட்டி சுடக் கூடாது. தரையில் எங்காவது சில்லு கிடக்கும் என்பதால் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கவும் கூடாது.

"எனக்கு ரெண்டு மாமியார். ஒண்ணு இவளைப் பெத்தவங்க, இன்னொண்ணு பால்கனில இருக்கு" என்பான் அண்ணன். பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் பேசிச் சிரிக்க ஏதாவது வேண்டும்.

இன்று அண்ணிக்கு வார விடுமுறை. காலையில் கண் விழித்தபோதே முதுகு வலித்தது. ஹாலுக்கு வந்தாள். சோபாவில் போர்வை ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து வைத்திருந்தது. பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. ராத்திரி அங்கே ஒருத்தி படுத்திருந்ததற்கான அடையாளமே இல்லை.

இதைப் பார்த்தால் அண்ணிக்கு எரிச்சல்தான் வரும். இவள் கொஞ்சம் சோம்பேறியாக இருந்தால், கொஞ்சம் வாய் பேசினால், திட்டவாவது திட்டலாம். இப்படி நல்லவளாகவே இருந்து தொலைத்தால் ஒரு மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது?

"அண்ணி, வாங்களேன்."

பால்கனியிலிருந்து பாப்பாவின் குரல். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

உலை மூடியைத் திறந்து வைத்திருந்தாள் பாப்பா. கடைசி ஈடு. கண்ணாடி ஒட்டாமல் இருக்க அடியில் விரித்து, சூட்டில் பொடியாய்ப் போன வெள்ளைத் தாளின் மேல் ஒன்பது பதக்கங்கள். ஓரம் உருண்டு, மேல்பக்கம் வழுவழுவென்று, உள்ளே மெல்லிசாக ஒரு நீலக் கோடு. கோட்டுக்கு மேல் நிறமில்லாத தெளிந்த கண்ணாடி ஓர் ஓரமாக மட்டும் சரிந்து நின்றது. தண்ணீர் பாதி வடிந்த தொட்டியைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

"நல்லா வந்திருக்கு, அண்ணி."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வருகிற வாக்கியம் 'சரியா இருக்கா பாருங்க.' இன்று கேள்வி இல்லை. பாப்பா தானாகவே முடிவு சொல்லிவிட்டாள்.

"நல்லாவே வந்திருக்கு" என்றாள் அண்ணி.

அப்படிச் சொன்னபோது உள்ளே லேசாகச் சுருக்கென்றதையும் மறைக்க வேண்டாம். பெரிய தெருவில் பரிசுப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மாள், சாம்பிள் பார்க்க வந்தபோது, அண்ணி செய்ததையெல்லாம் புரட்டிவிட்டு, ஓரத்தில் கிடந்த பாப்பாவின் ஒரு துண்டைத்தான் கையில் எடுத்தாள். "இது மாதிரி நாப்பது வேணும்" என்றாள். அண்ணி சிரித்துக்கொண்டே பாப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அன்று ராத்திரி சாப்பாடு மட்டும் சரியாக இறங்கவில்லை.

கடைக்காரம்மா நாலு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"கொக்கி ஒட்டிடலாமா?" என்றாள் பாப்பா.

"ஒட்டிடலாம்."

ஹால் மேஜையில் பழைய துணியை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பதக்கத்தின் முதுகிலும் ஒரு பொட்டுப் பசை, அதில் ஒரு வெள்ளிக் கொக்கி. பேசத் தேவையில்லாத வேலை. பாப்பா மெல்ல ஏதோ முணுமுணுத்தபடி ஒட்டினாள். அவள் பாடுகிறாள் என்பது அண்ணிக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. இந்த வீட்டில் இவள் வாயிலிருந்து பாட்டு வருவது இதுதான் முதல் தடவை.

'டிக்.'

ரொம்பச் சின்னச் சத்தம். சுவர்க் கடிகாரமோ என்று இருவரும் நிமிர்ந்தார்கள்.

மறுபடியும். 'டிக்.'

சத்தம் தட்டிலிருந்து வந்தது. போன வாரம் எடுத்த முதல் ஈட்டைப் பரப்பி வைத்திருந்த தட்டு. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நாலாவதில் இருந்தது. நீலக் கோட்டை ஒட்டி, மயிரிழையாக ஒரு கீறல். அவள் நகத்தால் தொட்டாள். பதக்கம் இரண்டாகப் பிரிந்து கையில் நின்றது.

பாப்பாவின் பாட்டு நின்றுபோனது.

"நேத்து நல்லா இருந்துச்சே, அண்ணி. நான் துடைச்சு வெச்சேனே."

"இரு."

அண்ணி எழுந்து போய் அலமாரியைக் குடைந்தாள். அண்ணனின் பழைய கறுப்புக் கண்ணாடி, காம்பு ஒடிந்தது, கிடைத்தது. வெயிலில் கண் கூசாமல் இருக்க டிரைவர்கள் போடுகிற போலராய்டு வகை, ஒரு திசை ஒளியை மட்டும் விடும். கடையில் தினமும் இந்த லென்ஸைக் கையாள்கிறவள் அவள். லேப்டாப்பைத் திறந்து வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றை வரவழைத்தாள். கறுப்புக் கண்ணாடியை முன்னால் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். ஒரு இடத்தில் வந்ததும் வெள்ளைத் திரை முழுக்க இருட்டாகிவிட்டது.

"இப்ப அந்தப் பதக்கத்தை நடுவுல பிடி."

பாப்பா ஒன்றை எடுத்துத் திரைமுன் பிடித்தாள். இருட்டில் அந்தப் பதக்கத்தின் நடுவே, நீலக் கோட்டின் ஓரமெல்லாம், பளீரென்று வெள்ளையாக ஒளிர்ந்தது.

"அழகா இருக்கு" என்றாள் பாப்பா, தெரியாமல்.

"அழகா இருக்கக் கூடாது. ஒண்ணுமே தெரியாம இருட்டா இருந்தாத்தான் நல்ல கண்ணாடி. வெளிச்சம் வந்தா உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு, இல்லேன்னா அடுத்த மாசம், வெடிச்சிடும்."

ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஒளிர்ந்தது, ஒளிர்ந்தது, இருட்டு, ஒளிர்ந்தது. ஒளிர்ந்தவை ஒரு பக்கம், இருட்டானவை ஒரு பக்கம். பாதிக்கு மேலே ஒளிர்ந்தது. காலையில் எடுத்த ஒன்பதில் ஆறு.

அண்ணிக்குப் பாதியிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

கண்ணாடியில் பல ஜாதி. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். சூட்டில் விரிவதும் ஆறும்போது சுருங்குவதும் மட்டும் ஒவ்வொன்றும் ஒரு அளவு. ஒரே ஜாதியைத்தான் ஒன்றாக உருக்க வேண்டும். கலந்தால் உலையிலிருந்து அழகாகத்தான் வெளியே வரும். அதன்பின் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே கிடந்து, ஒருநாள் விட்டுவிடும். அண்ணியிடம் இரண்டு ஜாதித் தெளிந்த கண்ணாடி இருந்தது. இப்போது வாங்குவது ஒன்று. ஆரம்பத்தில் வாங்கி மீந்துபோனது ஒன்று. வெட்டி மிச்சமான துண்டுகளைத் தனித்தனி டப்பாவில் போட்டிருந்தாள். இப்போதையது நீல மூடி, பதக்கத்துக்கு அதிலிருந்துதான் எடுப்பது. பழையது வெள்ளை மூடி. "வெள்ளை மூடியைத் தொடாதே" என்பதுதான் பாப்பாவுக்கு அவள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

அண்ணி பால்கனிக்குப் போனாள். நீல மூடி டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது. வெள்ளை மூடி டப்பாவைத் திறந்தாள். உள்ளே துணி கிளிப்புகள்.

சில வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் போனில் ஒரு வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் துடைப்பமும் கையுமாக வந்து நின்றான். "பால்கனில கால் வைக்க இடமில்ல, ஒழுங்கு பண்ணிட்டேன். ஒரே கண்ணாடியை எதுக்கு ரெண்டு டப்பாவுல வெச்சிருக்கே? ஒண்ணாக் கொட்டிட்டேன்." அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, "சரி சரி, போங்க" என்றாள். காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

அடப் பாவி மனுஷா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு நாள் வீட்டு வேலையில் கை வைத்தான். அதுவும் இந்த இடத்திலா?

திரும்பி ஹாலுக்கு வந்தாள். பாப்பா அப்படியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பசை காய்ந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன், அண்ணி. சூட்டை வேகமா ஏத்திட்டேனோ என்னவோ. சாரி."

பாப்பா விரலில் காய்ந்த பசையை உரித்தாள்.

"அவர் சொல்லுவாரு. நீ தொட்டா எதுவும் நேரா முடியாதுன்னு. நான்தான் நம்பாம இருந்தேன். சாரி, அண்ணி. கடைக்காரம்மா முன்னாடி உங்க பேரும் கெட்டுப்போச்சு."

அண்ணி வாயைத் திறந்தாள். 'நீ இல்லடி, உன் அண்ணன்' என்று சொல்ல வேண்டியதுதான். நாலே வார்த்தை.

வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை அவளே பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தாள். கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது. களைப்பு. மூன்று மாதமாகத் தன் வீட்டு ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்ததில்லை. புருஷனோடு குரல் உயர்த்திச் சண்டை போட்டதில்லை. தலைவாராமல், நைட்டியோடு, ஒரு மூலையில் சும்மா கிடந்ததில்லை. இவள் போய்விட்டால் அந்த சோபா காலியாகும். ஆர்டர் முடிந்தது, வாய்ப்பும் போனது. அவளாகவே புறப்படுவாள். யாரும் போ என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை, நின்றது.

"பாக்கலாம்" என்றாள் அண்ணி. "தலை வலிக்குது. கொஞ்சம் படுத்துட்டு வரேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தூக்கம் வரவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று புரண்டாள். இதோ, இன்னும் அஞ்சு நிமிஷம் என்று மறுபடி புரண்டாள். வெளியே பாப்பாவின் குரல் தாழ்ந்து கேட்டது. தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் போலும் என்று நினைத்தாள். பிறகு துடைப்பம் தேய்க்கும் சத்தம். பிறகு குழாய்ச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அண்ணன் வந்த சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தாள்.

காலை ஷிஃப்ட் முடிந்து வந்தவன், சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே மேஜையைப் பார்த்து நின்றான். அதன்மேல் இரண்டு குவியல். பாப்பா சுவரோரம் நின்றாள். சோபாவுக்குப் பக்கத்தில் அவள் பை, ஜிப் போட்டபடி.

"என்னாச்சு? யாரும் பேச மாட்டேங்கறீங்க?"

"எல்லாம் உடையுது, அண்ணா. நான் செஞ்சது."

"எப்படி உடையும்? உன் அண்ணி செஞ்சது எதுவும் உடையலையே."

"அண்ணி ஒழுங்கா செய்வாங்க."

அண்ணன் ஒரு பதக்கத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு? கண்ணாடி ஏதாவது மட்டமா வந்துடுச்சோ? அந்த டப்பாவுல இருந்ததுதானே இது? அன்னிக்கு நான் ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக் கொட்டினேனே..."



"என்ன பண்ணினே?" என்றாள் பாப்பா.

"வெள்ளை மூடி டப்பாவுல இருந்ததை நீல மூடி டப்பாவுல போட்டேன். இடம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் ஒரே கண்ணாடிதானே? உன் அண்ணிகிட்ட அன்னிக்கே சொன்னேனே. சரி சரின்னா." அவன் மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "ஏன்? வேற வேறயா?"

"வேற வேற" என்றாள் அண்ணி.

"அதாவது பாக்கறதுக்கு ஒண்ணா இருக்கும், ஆனா உள்ளுக்குள்ள ஒத்துப்போகாம..."

"அண்ணா" என்றாள் பாப்பா. "சும்மா இரு. எங்க சுத்தினாலும் என் கல்யாணத்துலதான் வந்து நிப்பே."



பாப்பா அவனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், அண்ணி?"

அண்ணி பொய் சொல்லியிருக்கலாம். இப்போதுதான் தெரியும் என்றால் நம்பியிருப்பாள். அவளுக்குப் பொய் சொல்லவும் தெம்பில்லை.

"காலையிலயே. டப்பாவைத் திறந்து பாத்தப்ப."

"நான் சாரி சொன்னப்ப?"

"தெரியும்."

பாப்பா தலையை ஆட்டினாள், வழி கேட்டுத் தெரிந்துகொண்டவளைப் போல. கத்தவில்லை, அழவில்லை. அந்த இரண்டில் ஒன்றைச் செய்திருந்தால் தேவலாம் போல இருந்தது அண்ணிக்கு.

"நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன், அண்ணி. நீங்க படுத்திருந்தப்ப. வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். நாளைக்குக் காலையில வராரு."

அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"'தெரியும்'னாரு. அவ்வளவுதான்."

 யாரும் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அண்ணி சமையலறைக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பி வந்தாள். அண்ணன், "நான் நல்லது பண்றதா நெனச்சு..." என்று ஆரம்பித்தான். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்ததும் நிறுத்தினான்.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே அழைப்பு மணி அடித்தது.

கடைக்காரம்மா மூன்று மாடி ஏறிய மூச்சோடு உள்ளே வந்தாள். கனத்த உடம்பு, கழுத்தில் சங்கிலியில் கோத்த மூக்குக்கண்ணாடி, கையில் காலி அட்டைப்பெட்டி. "லிஃப்ட் இல்லாத வீட்டுல குடியிருக்கிறவங்களோட வியாபாரமே வெச்சுக்கக் கூடாது" என்றபடி உட்கார்ந்தாள். "ரெடியா?"

அண்ணி முன்னால் நகர்ந்தாள். தப்பு யாருடையது, எப்படி நடந்தது, என்ன சொல்லிச் சமாளிப்பது எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. இத்தனை வருஷம் வாடிக்கையாளர்களைச் சமாளித்துப் பழக்கப்பட்டவள்.

"நீங்க இருங்க, அண்ணி" என்றாள் பாப்பா.

குரல் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அண்ணி நின்றுவிட்டாள்.

பாப்பா இரண்டு குவியலையும் கடைக்காரம்மா முன்னால் நகர்த்தினாள். "இது நல்லது, கொண்டு போங்க. இது தர மாட்டேன்."

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

பாப்பா லேப்டாப்பைத் திருப்பினாள். கறுப்புக் கண்ணாடியைக் கடைக்காரம்மா கையில் கொடுத்து, எப்படிச் சுற்ற வேண்டும் என்று காட்டினாள். திரை இருட்டானதும் ஒரு பதக்கத்தை நடுவில் பிடித்தாள்.

"வெளிச்சமா தெரியுதா? இது உங்க கடையில வெச்சே உடையலாம். வாங்கிட்டுப் போனவங்க கழுத்துல உடையலாம். எப்பன்னு எனக்குத் தெரியாது. ஆனா உடையும்."

கடைக்காரம்மா இன்னும் நாலைந்தை வாங்கிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியைக் கீழே வைத்தாள். "நான் பாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன். எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியுமே."

"அப்ப நான் காலி ஷெல்ஃபை வெச்சுக்கிட்டு என்ன பண்றது? யார் பண்ணின கோளாறு இது?"

அண்ணன் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல மெல்லக் கையைத் தூக்கினான். "நான்தாங்க. வேற வேற கண்ணாடியை ஒண்ணாக் கலந்துட்டேன்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் டிரைவர்."

"அங்க இப்படி எதையும் கலக்கறதில்லையே?"

"அங்க எல்லாரையும் கலந்துதான் ஏத்தறேன், மேடம். வேற வழியில்ல."

கடைக்காரம்மா சிரித்துவிட்டாள். அண்ணிக்கும் சிரிப்பு வந்தது. பாப்பாவுக்கு வரவில்லை.

"பாக்கியை வெள்ளிக்கிழமை தரேன்" என்றாள் பாப்பா.

"வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை. அப்பவும் இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது."

"வெள்ளிக்கிழமை."

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாளைக் காலையில் கணவன் வருகிறான். ஜிப் போட்ட பை சோபா பக்கத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்கு யார் செய்யப்போவது? கேட்க இருவருக்கும் தைரியம் இல்லை.

பாப்பா நல்லவற்றைத் தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு கடைக்காரம்மாவோடு படியிறங்கினாள். அண்ணி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கீழே, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் பக்கத்தில் இருவரும் நின்றார்கள். கடைக்காரம்மா ஏதோ கேட்டாள். பாப்பா யோசித்தாள். கடைக்காரம்மா மறுபடி கேட்டாள், கையைத் தூக்கித் தெருக்கோடியில் 'வாடகைக்கு' என்று பலகை தொங்கிய வீட்டுப் பக்கம் காட்டி. பாப்பா தலையாட்டினாள். மூன்றாம் மாடிக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

மேலே வந்தவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் பால்கனிக்குப் போனாள். நீல மூடி டப்பாவைத் தூக்கி, அதிலிருந்ததையெல்லாம் ஒரு சாக்கில் கொட்டினாள். நல்லதும் கெட்டதும் சேர்ந்து சலசலவென்று விழுந்தது. பிறகு உறை பிரிக்காத புதுத் தகடு ஒன்றைச் சுவரோரத்திலிருந்து உருவி மேஜையில் வைத்து, வெட்டுக் கத்தியை எடுத்தாள்.

அண்ணி வாசற்படியிலேயே நின்றாள். கத்தி நுனியில் இருந்த சின்னச் சக்கரம் கண்ணாடி மேல் கிறீச்சென்று ஓடியது. பாப்பா இரண்டு கட்டைவிரலையும் கோட்டின் இரு பக்கம் வைத்து அழுத்தினாள். கோடு பிசகாமல் தகடு பிளந்தது.

"நானும் வெட்டட்டுமா?"

"வெட்டுங்க."

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் பேசாமல் வெட்டினார்கள். உள்ளே அண்ணன் யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எதையாவது எதோடாவது சேர்த்து வைத்துத் தொலைக்கப் போகிறானே என்று அண்ணிக்குக் கவலையாக இருந்தது. எழுந்து போகவும் மனம் வரவில்லை.

வெட்டியதை அடுக்கி, உலைக்குள் வைத்து, பாப்பா மூடியை இறக்கினாள். சுவிட்சைப் போட்டாள். உலை லேசாக முனக ஆரம்பித்தது.

"பாப்பா."

"ம்."

"தப்புதான். காலையிலயே சொல்லியிருக்கணும்."

பாப்பா கையில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் துணியால் ஒற்றி எடுத்தாள்.

"நான் போயிடணும்னு நெனச்சீங்களா, அண்ணி?"

இப்போதும் பொய் சொல்லலாம். 'சேச்சே, என்ன பேச்சு இது' என்று ஒரு வார்த்தை. உலகத்தில் எல்லா அண்ணிகளும் சொல்வதுதான்.

"ஒரு நிமிஷம் நெனச்சேன்."

"ஒரு நிமிஷம்தானா?"

அண்ணி உலையைப் பார்த்தாள். "இல்ல. கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்த நேரம் முழுக்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தது. எழுந்து பையை எடுத்துக்கொண்டு இப்போதே புறப்படுவாளோ என்றும் பயமாக இருந்தது. அந்த பயம் எவ்வளவு பெரியது என்று அண்ணிக்கு இப்போதுதான் தெரிந்தது. காலையில் காலியாகட்டும் என்று நினைத்த சோபாவை இப்போது காலியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பாப்பாவின் போன் ஹாலில் அடித்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை" என்றான், குரலைத் தாழ்த்தி. பாப்பா நகரவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. அண்ணன் ஈரக் கையோடு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுவிட்டு, உள்ளே போனான்.

"உங்க மேல எனக்குக் கோபம் இல்லேன்னு சொல்ல மாட்டேன், அண்ணி" என்றாள் பாப்பா. "இருக்கு. நிறையவே இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க."

"சொல்லு."

"இந்த வீட்டை விட்டுப் போகணும்னு நானும் தினமும்தான் நெனைக்கிறேன்." அவள் முதல் தடவையாக அண்ணியை நேராகப் பார்த்தாள். "அங்க போகணும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல."